ஒரு அழுகின அத்திப்பழத்தின் வம்சம்

"வீட்ல யாருக்காவது சுகர் உண்டா?"

போன மாசம் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே டாக்டர் கேட்ட முதல் கேள்வி. உண்டு. அப்பாவுக்கு இருந்தது, அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் இருந்தது. இப்போ நாற்பத்திரண்டு வயசில் எனக்கும் வந்தாச்சு. "ஹெரிடிட்டி" என்று ஒரே வார்த்தையில் டாக்டர் கேஸை முடித்துவிட்டார்.

எனக்குத்தான் முடியவில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவள் அக்கா. அதே அப்பா, அதே அம்மா, அதே வீட்டுச் சாப்பாடு. ஸ்வீட் என்றால் என்னைவிட இரண்டு மடங்கு சாப்பிடுவாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. போனில் விஷயத்தைச் சொன்னேன். "அப்பா உயில்ல அதை மட்டும் உன் பேருக்கு எழுதிட்டார் போல இருக்குடா" என்று சிரித்தாள். சிரிப்புதான். ஆனால் அந்த உயிலை எப்படிப் படிப்பது என்று மனுஷன் நூறு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான். அதில் பாதிக்கு மேல் பதில் வந்தது எங்கிருந்து தெரியுமா? ரொட்டியை உப்ப வைக்கிற, பீரைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டிடமிருந்து.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்ததெல்லாம் மெண்டலின் பட்டாணி. உயரம், குட்டை. பச்சை, மஞ்சள். மூணுக்கு ஒண்ணு. பரீட்சையில் கட்டம் போட்டு ஐந்து மார்க் வாங்கினதோடு சரி. ஆனால் தெருவில் இறங்கிப் பார்த்தால் உயரம் குட்டை என்று இரண்டு ஜாதி மனுஷர்களா நடக்கிறார்கள்? நாலே முக்கால் அடியிலிருந்து ஆறே கால் வரை எல்லா அளவிலும் இருக்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தோல் நிறம் எல்லாம் இப்படித்தான். 1900இல் மெண்டலை மறுபடி கண்டெடுத்த கையோடு இங்கிலாந்தில் இதற்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது. மெண்டல் பக்கம் பேட்சன், 'எல்லாம் தொடர்ச்சியாக மாறுவது, உங்கள் பட்டாணிக் கணக்கு இங்கே செல்லாது' என்ற பக்கம் பியர்சன். சண்டையைத் தீர்த்து வைத்தவர் ஃபிஷர். 1918இல் எடின்பரோவில் வெளியான ஒரு கட்டுரையில், இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு குணத்தை ஒரு ஜீன் தீர்மானிக்காமல் நிறைய ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சம் தீர்மானித்தால், ஒவ்வொன்றும் மெண்டல் விதிப்படியே நடந்தாலும் மொத்தத்தில் வழவழவென்று ஒரு வளைகோடுதான் கிடைக்கும். இருபது காசைச் சுண்டிப் போட்டு எத்தனை தலை என்று எண்ணுகிற மாதிரி.

கணக்கு சரி. ஆனால் அந்த இருபது காசும் எங்கே இருக்கிறது? அது இருபதா, இரண்டாயிரமா? இதைக் கண்டுபிடிக்க ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த ஆயிரம் பிள்ளைகள் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நூறு நகல் இருந்தால் இன்னும் உத்தமம், அளந்ததையே திரும்ப அளந்து சரிபார்க்கலாம். கௌரவர்களே நூறு பேர்தான்!

இங்கேதான் ஈஸ்ட் உள்ளே வருகிறது. இடம் கோபன்ஹேகன். கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி 1870களில் ஆரம்பித்த ஆய்வுக்கூடம். 1883இல் எமில் ஹேன்சன் என்பவர் ஒரே ஒரு செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட் வளர்த்தெடுத்ததும் இங்கேதான். ஐம்பது வருஷம் கழித்து அதே இடத்துக்கு வந்த ஓய்விண்ட் விங்கே ஒரு விசித்திரமான ஆள். கப்பி மீன்களின் வால் அழகு அப்பனிடமிருந்து மகனுக்குப் போவதை ஆராய்ந்துகொண்டிருந்தவர். ஈஸ்ட்டுக்குக் குடும்ப வாழ்க்கை உண்டு என்று 1935இல் நிரூபித்தவர் அவர்தான். அதுவரை அது மொட்டு விட்டு மொட்டு விட்டுப் பெருகுகிற பிரம்மச்சாரி என்றே பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். ஈஸ்ட்டைப் பட்டினி போட்டால் ஒரு செல் தனக்குள்ளேயே நாலு வித்துகளை உண்டாக்கி ஒரு பையில் கட்டி வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வித்திலும் குரோமோசோம் பாதிதான், ஒற்றை செட். இரண்டு வித்து சேர்ந்தால் மறுபடி முழு செல். விங்கேயும் அவருடைய உதவியாளர் லௌஸ்ட்சனும் மைக்ரோஸ்கோப்பின் கீழ் கண்ணாடி ஊசியால் அந்தப் பையைக் கிழித்து, நாலு வித்துகளையும் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தார்கள். இதன் அழகைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்மில் ஒரு விந்தோ முட்டையோ உருவாகும்போது என்ன கலந்தது, என்ன விட்டுப்போனது என்று யாராலும் நேரில் பார்க்க முடியாது. ஈஸ்ட்டில் நாலு பங்காளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துச் சொத்து எப்படிப் பிரிந்தது என்று கேட்கலாம். அதோடு ஒவ்வொரு வித்தும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரு பிள்ளை கோடிக்கணக்கில் நகலாகிவிடும். கேட்ட வரம் கிடைத்துவிட்டது.

ஆனால் விங்கேயின் ஈஸ்ட்டில் ஒரு தொல்லை. தனி வித்தாக வளர விட்டால் தன் பிள்ளைகளோடு தானே கூடி இரட்டை செட்டாகிவிடும். அதனால் ஒவ்வொரு கலப்புக்கும் ஊசியால் இரண்டு வித்தை ஒட்டி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதைச் சுலபமாக்கியவர் அமெரிக்காவின் கார்ல் லிண்டெகிரன். அவரும் மனைவி கெர்ட்ரூடும் 1943இல், ஈஸ்ட்டுக்கு 'ஏ', 'ஆல்ஃபா' என்று இரண்டு பால்கள் இருப்பதையும், சில ரகங்களில் அவை நிலையாக இருப்பதையும் காட்டினார்கள். அப்புறம் என்ன... ஊசியெல்லாம் தேவையில்லை, இரண்டையும் ஒரே குழாயில் கலந்துவிட்டால் கல்யாணம் தானாக நடக்கும்.

லிண்டெகிரன் கதையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. நாலு வித்து என்றால் ஒரு ஜீனின் இரண்டு வடிவங்களும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிய வேண்டும். அதுதான் மெண்டல் சட்டம். லிண்டெகிரன் சில பைகளில் மூணுக்கு ஒண்ணைப் பார்த்தார். ஒரு வடிவம் இன்னொன்றைத் தன்னைப் போலவே மாற்றிவிடுகிறது என்று சொல்லி, அதற்கு 'ஜீன் மாற்றம்' என்ற பழைய பெயரை எடுத்து வைத்தார். விங்கே தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறு, கூடுதலாக ஒரு செல் பிரிவு என்று வேறு வேறு விளக்கம் சொன்னார்கள். லிண்டெகிரனின் வேறு சில கொள்கைகள் உண்மையிலேயே தடாலடியானவை. செல்லின் நீர்ப்பைக்குள்தான் குரோமோசோம்கள் இருக்கின்றன என்று சாதித்துக்கொண்டிருந்தார், அது தப்பு. ஒருவர் நாலு விஷயம் தப்பாகச் சொன்னால் ஐந்தாவதாகச் சொல்லும் உண்மைக்கும் மதிப்பு போய்விடுகிறதே, அதுதான் நடந்தது. 1955இல் மேரி மிட்சல் ரொட்டிப் பூஞ்சையில் இதே ஜீன் மாற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டினார். இன்றைக்கு அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. லிண்டெகிரன் பெயர் அதிகம் இருப்பதில்லை.

அவர் விட்டுப்போன இன்னொரு சொத்தும் இருக்கிறது. தலைப்பில் சொன்ன அத்திப்பழம்! 1938இல் கலிபோர்னியாவில் மெர்செட் என்ற ஊர்ப்பக்கம் எமில் ம்ராக் என்ற உணவு விஞ்ஞானி ஓர் அழுகின அத்திப்பழத்திலிருந்து ஒரு ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். இஎம்93 என்று பெயர். அது லிண்டெகிரனிடம் போனது. அதையும் கடை பேக்கரி ஈஸ்ட் மாதிரி இன்னும் சிலதையும் கலந்து கலந்து வந்த வம்சத்தில், பெர்க்லியில் இருந்த ராபர்ட் மார்ட்டிமர் 1950களில் எஸ்288சி என்ற ரகத்தை உருவாக்கினார். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் 'ஈஸ்ட்' என்றாலே ரொம்ப நாளாக இதுவும் இதன் வாரிசுகளும்தான். 1986இல் மார்ட்டிமரும் ஜான்ஸ்டனும் வம்சாவளி போட்டுப் பார்த்தார்கள். எஸ்288சியின் மரபுச் சொத்தில் சுமார் 88 சதவீதம் அந்த அத்திப்பழத்து ஈஸ்ட்டினுடையது. 1996இல் முழு மரபுத்தொகுதியும் படிக்கப்பட்டபோது (16 குரோமோசோம், சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் எழுத்துகள், சுமார் 6000 ஜீன்கள், செல்லுக்குள் கரு உள்ள உயிர்களில் முதன்முதலாகப் படிக்கப்பட்டது) அதுவும் இதேதான்.

சிக்கலே இங்கேதான். ஒரே ஒரு ஆளின் ஜாதகத்தை வைத்துக்கொண்டு ஊருக்கே பலன் சொன்ன கதை. அந்த ஆளும் சாதாரண ஆள் இல்லை. ஆய்வுக்கூடத்துக்குத் தோதாக இருப்பதையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். காட்டு ஈஸ்ட்கள் பல, கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இது நல்ல பிள்ளையாகத் தனித்தனியாக நிற்கும். காரணம், ஒட்டிக்கொள்ள வைக்கிற ஒரு ஜீன் இதில் உடைந்திருக்கிறது. பிரிந்த செல்கள் விலகிப்போவதைத் தடுக்கிற இன்னொன்றும் இதில் மாறியிருக்கிறது. ஆக்சிஜன் சமாச்சாரங்களைக் கவனிக்கிற ஒரு முக்கிய ஜீனுக்கு நடுவில் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒழுக்கமான பிள்ளை என்று நாம் மெச்சினதெல்லாம் இப்படி அங்கங்கே உடைந்ததன் விளைவு. எனக்கு இதைப் படித்தபோது ஏனோ பழைய வகுப்புத் தோழர்கள் சிலர் ஞாபகம் வந்தார்கள் :-)

2002இல் கதை திரும்புகிறது. ஸ்டான்ஃபோர்டில் லார்ஸ் ஸ்டைன்மெட்ஸும் கூட்டாளிகளும் ஆய்வுக்கூட ஈஸ்ட்டை, ஒரு நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த ஈஸ்ட் வம்சத்தோடு கலந்தார்கள். நோயாளியினுடையது 41 டிகிரி சூட்டிலும் நன்றாக வளரும். ஆய்வுக்கூடத்தினுடையது திணறும். வித்துகளைச் சோதித்து, பதினாலாவது குரோமோசோமில் ஒரு சின்ன இடம்தான் காரணம் என்று நெருங்கினார்கள். அங்கே ஒரு ஜீன் இருக்கும் என்று எதிர்பார்ப்போம் இல்லையா? மூன்று இருந்தது, அடுத்தடுத்து. அதிலும் சூடு தாங்க உதவின மூன்று வடிவங்களில் ஒன்று வந்தது, சூடு தாங்காத ஆய்வுக்கூடப் பெற்றோரிடமிருந்து! திடகாத்திரமான அப்பாவிடமும் பலவீனம் இருக்கும், நோஞ்சான் அம்மாவிடமும் பலம் இருக்கும். அதனால்தான் சில பிள்ளைகள் இரண்டு பேரையும் தாண்டிப் போகிறார்கள், சிலர் இரண்டு பேரையும்விடக் கீழே இறங்கிவிடுகிறார்கள்.

அதே வருஷம் சியாட்டிலில் ரேச்சல் பிரெமும் லியோனிட் க்ருக்லியாக்கும் குழுவினரும் இன்னொரு கலப்பைச் செய்தார்கள். ஒரு பக்கம் எஸ்288சி வம்சத்து ஈஸ்ட். மறுபக்கம் கலிபோர்னியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்த ஈஸ்ட். அந்தத் தோட்டத்து ஈஸ்ட்டைச் சேகரித்தவர் யார்? நம்ம மார்ட்டிமரேதான். கடைசிக் காலத்தில் அவர் ஆய்வுக்கூடச் செல்லப்பிள்ளையை விட்டுவிட்டுத் தோட்டம் தோட்டமாகப் போய் ஈஸ்ட் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டுக்கும் அவரே பெரியவர்.

இந்த இரண்டும் சுமார் 200 எழுத்துக்கு ஒன்று வேறுபடும். பிரெம் குழு எடுத்துக்கொண்டது நாற்பதே பிள்ளைகள். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான ஜீன்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்தார்கள். 570 ஜீன்களின் வேலையளவு, மரபுத்தொகுதியின் ஏதோ ஓர் இடத்தோடு கட்டுப்பட்டிருந்தது. எட்டு இடங்கள் மட்டும் பெரிய அதிகாரிகள் போல, ஒவ்வொன்றும் 7 முதல் 94 ஜீன்கள் வரை ஆட்டிவைத்தன. (அந்த எட்டில் சிலது ஆய்வாளர்களே வசதிக்காகக் கத்தரித்து விட்டிருந்த ஜீன்கள் என்பது தமாஷ்.) 2005இல் 112 பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. பரம்பரையாக நன்றாக இறங்குகிற இந்த ஜீன் அளவுகளில் ஒரே இடத்தால் விளக்கக்கூடியவை வெறும் 3 சதவீதம். பாதிக்கு ஐந்து இடங்களுக்கு மேல் தேவைப்பட்டது. ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்ற அற்ப விஷயத்துக்கே இந்தக் கதி என்றால் சர்க்கரைக்கு என்ன கதி?

மனுஷ ஆராய்ச்சிக்காரர்கள் அதே சமயம் முட்டிக்கொண்டிருந்தார்கள். உயரத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் சுமார் 80 சதவீதம் பரம்பரை என்று குடும்பங்களையும் இரட்டையர்களையும் பார்த்துத் தெரியும். 2008 வாக்கில், ஆயிரக்கணக்கானோரின் மரபைத் துழாவி நாற்பது சொச்சம் இடங்களைக் கண்டுபிடித்தார்கள். எல்லாம் சேர்ந்து விளக்கியது சுமார் 5 சதவீதம். எண்பது ரூபாய் இருக்க வேண்டிய பெட்டியில் ஐந்து ரூபாய்! 'காணாமல் போன பரம்பரை' என்று இதற்குப் பெயரே வைத்தார்கள். மீதி எங்கே? ஜீன்களுக்குள் ஏதோ ரகசியக் கூட்டணியா, அரிய மாற்றங்களா, அல்லது பரம்பரைக் கணக்கே தப்பா? ஆளாளுக்கு ஒரு கட்சி.

2013இல் ஜாஷுவா ப்ளூமும் க்ருக்லியாக்கும் குழுவினரும் பழைய கலப்பையே எடுத்தார்கள். இந்தத் தடவை பிள்ளைகள் 1008. காப்பர் சல்பேட், காஃபின், லித்தியம், வேறு வேறு சர்க்கரைகள் என்று 46 விதமான சோதனைகள். ஒவ்வொன்றிலும் ஈஸ்ட் எவ்வளவு பெரிய புள்ளியாக வளர்கிறது என்று அளந்தார்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அதே பிள்ளையின் நகலைத் திரும்பத் திரும்ப அளக்க முடிந்ததால், எவ்வளவு பரம்பரை, எவ்வளவு அளவைப் பிழை என்று அவர்களால் துல்லியமாகப் பிரிக்க முடிந்தது. ஒரு குணத்துக்கு 5 முதல் 29 இடங்கள் வரை கிடைத்தன. அவற்றின் விளைவுகளைச் சும்மா கூட்டினாலே, கூட்டலாக இறங்குகிற பரம்பரைப் பங்கு கிட்டத்தட்ட முழுசாகக் கணக்கில் வந்துவிட்டது. எதுவும் காணாமல் போகவில்லை. சில்லறையாகச் சிதறிக் கிடந்தது, பொறுக்கப் போதுமான ஆட்கள் இல்லை, அவ்வளவுதான். கூட்டணிக் கட்சிக்காரர்களுக்காக 2015இல் 4390 பிள்ளைகளை வைத்தும் பார்த்தார்கள். ஜீன் ஜோடிகளின் கூட்டு விளைவு இருக்கிறது, ஆனால் தனித்தனி விளைவுகளோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான்.

இதில் எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. இரண்டே பெற்றோர் என்றால் அந்த இரண்டு பேர் வித்தியாசப்படுகிற இடங்கள் மட்டும்தானே தெரியும்? ஊர் முழுக்க உள்ளதை எப்படிச் சொல்வது? அவர்களுக்கும் இது உறுத்தியிருக்கிறது. 2018இல் ஷாகெரர், லிட்டி குழுக்கள் உலகம் முழுவதிலுமிருந்து 1011 ஈஸ்ட்களின் மரபுத்தொகுதியைப் படித்து வெளியிட்டன. அடுத்த வருஷம் ப்ளூமும் க்ருக்லியாக்கும் குழுவினரும், ஒன்றுக்கொன்று நல்ல வித்தியாசம் உள்ள 16 ஈஸ்ட்களை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரரோடும் கலந்தார்கள். சுமார் 14,000 பிள்ளைகள், 38 குணங்கள், ஆயிரக்கணக்கான இடங்கள். ஒரு பெற்றோரின் விசேஷம் இரண்டு கலப்பிலும் தலைகாட்டுவதால், நூற்றுக்கணக்கான இடங்களில் எந்த ஜீன் என்றே கைகாட்ட முடிந்தது.

அதில் வந்த சேதிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எல்லோரிடமும் பரவலாக இருக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் சாதுக்கள். ஒருசில வம்சத்தில் மட்டும், சமீப காலத்தில் தோன்றின அரிய மாற்றங்கள், தங்கள் எண்ணிக்கைக்கு மீறின பங்கைக் குணங்களில் வகிக்கின்றன. பெரிய கெடுதல் செய்யும் மாற்றத்தை இயற்கை நெடுநாள் விட்டுவைக்காது, அதனால் அது பரவலாகவும் ஆகாது. ஊருக்கெல்லாம் பொதுவான பட்டியலை வைத்து ஒரு குடும்பத்தின் உயிலை முழுசாகப் படிக்க முடியாது என்று அர்த்தம்.

மனுஷர்களில் 2022இல் 54 லட்சம் பேரை வைத்து உயரத்துக்கு 12,111 மாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள். பொறுக்கப் பொறுக்கச் சில்லறை கிடைக்கத்தான் செய்தது. ஆனால் அதிலிருந்து கணிக்க முடிந்தது, ஐரோப்பிய வம்சாவளியினரிடம் 40 சதவீத வித்தியாசம். மற்றவர்களிடம் 10 முதல் 20 சதவீதம். அந்த 54 லட்சத்தில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளி என்பதும் ஒரு காரணம். அத்திப்பழக் கதை மனுஷ ரூபத்தில். எச்சிலைத் துப்பி அனுப்பினால் உங்களுக்குச் சர்க்கரை வருமா என்று சொல்கிறோம் என்று விளம்பரம் வருகிறது பாருங்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்களும் ஞாபகம் வருகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு இதையெல்லாம் போனில் ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்போ எனக்கு வராதுன்னு சொல்ல முடியாதா?" என்றாள். முடியாது என்றேன். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சில்லறையில் பாதி அவளிடமும் இருக்கும். எது எது என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அடுத்த வாரம் டெஸ்ட் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு, "அது சரிடா, அந்த அத்திப்பழம்... சுகர்காரங்க சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.